அயர்லாந்து போனவர் வீட்டில் தொட்டி நிரம்பியது

அத்தியாயம் 9

மாடிப்படியில் கேட்ட சத்தத்தை வைத்து, யாரோ பீரோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் பழனிக்குமார் நினைத்தான். வந்தது பீரோ இல்லை. கண்ணம்மாள்.

"இங்க துப்பறியறது யாரு? நீயா?"

"நான் டீ வாங்கறதுங்க. துப்பறியறது அவங்க."

நர்கீஸ் துப்பறியும் நிலையம் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருந்தது. பதினோரு மணிக்குக் கீழே தம் உடைப்பார்கள். அதற்குப் பிறகு மேலே எந்த உண்மையும் கண்டுபிடிக்கப்பட்டதாக வரலாறு இல்லை. இப்போது மணி பத்தே முக்கால்.

நர்கீஸ் வாயில் இருந்த கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் இன்சூரன்ஸில் பொய் கிளெய்ம் பிடித்தவர். எரிந்த கடையைப் பார்த்தாலே தீ வைத்தவன் எந்தக் கையால் வைத்தான் என்று சொல்லிவிடுவார் என ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். எந்தக் கை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த மச்சான் என்றுதான் சொல்வார்.

"உக்காரும்மா."

"உக்கார வரலை. எம்புருசன் சங்கிலியை ஸ்டேஷன்ல தரையில உக்கார வச்சிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கேஸ் எழுதுவாங்களாம். அப்புறம் ஜெயிலு. அவன் திருடன் இல்லை. துரோகியா வேணா இருப்பான்."

பழனிக்குமார் பேனாவை எடுத்தான். "அதென்னங்க அது?"

"பத்து நாளா விடிகாலைல பையைத் தூக்கிட்டுக் கெளம்புறான். கால் கிலோ பீன்ஸு, பீட்ரூட்டு, ரெண்டு பாக்கெட் பாலு. எங்க வீட்டுக்கு ஒரு பீன்ஸு வரலை. எவளுக்குய்யா வெஞ்சனம் வாங்கிக் குடுக்குறேன்னு கேட்டா, வாயையே தெறக்கலை. அதை நான் தனியா வச்சிக் கேட்டுக்கிறேன். மொதல்ல அவனை வெளிய கொண்டாங்க."

மற்றதை அவள் திட்டியபடியே சொல்லி முடித்தாள். சங்கிலி இருபது வருஷமாக டைல்ஸ் கடை சிவபிரகாஷிடம் வேலை பார்க்கிறான். கடையில் பாதி நாள், வீட்டுத் தோட்டத்தில் பாதி நாள். சிவபிரகாஷும் அவர் மனைவி புவனேஸ்வரியும் பத்து நாளைக்கு முன்னால் அயர்லாந்து நாட்டின் கிராமங்களைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து தினமும் சங்கிலி ஒரு பையோடு வெளியே போவதை எதிர்வீட்டு அழகர் பார்த்திருக்கிறார். இன்று காலை போலீசுக்குச் சொல்லிப் பிடித்துக் கொடுத்துவிட்டார். சங்கிலியின் இடுப்பில் வாசல் கதவின் சாவி இருந்தது. அது அயர்லாந்தில் இருக்க வேண்டிய சாவி.

நர்கீஸ் எழுந்தார். "பழனி, வண்டியை எடு."

"பிரியாணிங்க?"

"வந்து சாப்பிடலாம்."

"இதைத்தானுங்க எல்லாக் கேஸ்லயும் சொல்றீங்க."

*

இன்ஸ்பெக்டருக்கு நர்கீஸைப் பிடிக்காது. அதை அவர் மறைத்ததும் இல்லை; மூன்று மணி வரை வெளி பெஞ்சில் காக்க வைத்துத்தான் உள்ளே கூப்பிட்டார்.

"இது இன்சூரன்ஸ் இல்லைங்க மேடம். திருட்டு. ஆள் கிடைச்சாச்சு, சாவி கிடைச்சாச்சு, வீட்டுக்காரர் அயர்லாந்துல இருந்து வாட்ஸ்அப்ல புகாரும் அனுப்பியாச்சு. உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"சாவியைப் பார்க்கணும்."

"பார்த்துட்டுக் கெளம்புங்க."

மேசையில் வைத்த சாவி அரைச் சாண் நீளம் இருந்தது. முஷ்டி அளவு மாங்காய்ப் பூட்டுக்கு உரியது. அழுக்கேறிய சிவப்புக் கயிறு. பிடிக்கும் இடம் தேய்ந்து, பழைய வெள்ளிக்காசு போல மினுமினுத்தது.

"இவன் கள்ளச்சாவி போட்டிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பழனிக்குமார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "இது கள்ளச்சாவின்னா, இருபது வருசத்துக்கு முந்தியே போட்டு, தெனமும் பூட்டித் தொறந்து பழகியிருக்கணுமுங்க."

"உன்னை யாருய்யா கேட்டது?"

சங்கிலி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். நர்கீஸ் அவன் முன்னால் குனிந்தார்.

"சாவியை யார் குடுத்தா?"

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டான்.

"பையில என்ன கொண்டு போன?"

"நான் எதையும் எடுக்கலைம்மா. மத்ததை மொதலாளி வந்து சொல்லுவாரு."

"அவர் சொல்லலைன்னா?"

"சொல்லுவாரு."

"வலது கையை நீட்டு."

தயங்கி நீட்டினான். உள்ளங்கை நடுவே ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு தீக்காயம், பொருக்கு கட்டியிருந்தது. பழனிக்குமாருக்கு அது பீடிக் காயமாகத் தெரிந்தது. நர்கீஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையை மெதுவாக மூடிவிட்டார். பிறகு இன்ஸ்பெக்டரின் முறைப்பைப் பொருட்படுத்தாமல் சிவபிரகாஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு? சீக்கிரம் சொல்லுங்க. இங்க ஒரே மலையும் மேடும். டவர் இல்லை."

"சங்கிலி விஷயமா ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன். வீடியோல வாங்களேன்."

"இங்க மழை."

"சரி. என்னென்ன களவு போச்சுன்னு தெரியணும். சாவிதான் கைல இருக்கே, இன்ஸ்பெக்டர் முன்னாடியே வீட்டைத் திறந்து பார்த்துரட்டுமா?"

"திறக்கக் கூடாது!"

மேசையில் இருந்த பேப்பர் வெயிட் நகர்ந்தது என்று பழனிக்குமார் பிற்பாடு பலரிடம் சொன்னான்.

"நான் வர்ற வரைக்கும் ஒருத்தன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது! ஏறினா உங்க மேலயே கேஸ் போடுவேன்!"

"ஏறலை. இந்தச் சாவி சங்கிலி கைக்கு எப்படி வந்துச்சு?"



"தெரியாது. அவன்... அவன் எப்படி எடுத்தானோ. நீங்க செய்ய வேண்டியதைச் செய்ங்க."

போன் அணைந்தது. சுவரோரம் சங்கிலி தலையைத் தூக்கி அந்தப் போனை ஒரு தடவை பார்த்தான். பிறகு மறுபடி குனிந்துகொண்டான்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அஞ்சு மணி. ஒரு நிமிஷம் பிந்தாது."

*

தெருமுனையில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு பேனர் நின்றது. கோட்டுப் போட்ட சிவபிரகாஷ் ஒரு பக்கம், பட்டுச்சேலையில் புவனேஸ்வரி இன்னொரு பக்கம், நடுவில் ஒரு செம்மறியாடு. "அயர்லாந்து நாட்டின் கிராமப்புறங்களைக் கண்டு களிக்கப் புறப்படும் டைல்ஸ் பேரரசரே! ஜூன் 3 முதல் 15 வரை தங்கள் பயணம் வெல்க!" கீழே வாழ்த்துவோர் முப்பத்தாறு பேர். செம்மறியாடு மட்டும்தான் வாழ்த்தவில்லை.

அன்றைக்குத் தேதி பதின்மூன்று. வெயில் அப்படி. பேனரின் நிழலுக்குள் நான்கு நாய்கள் ஒன்றையொன்று வெறுத்துக்கொண்டே படுத்திருந்தன.

அழகர் எழுபது வயதுக்காரர். கார் நிறுத்தும் தகராறில் ஆறு வருஷமாகச் சிவபிரகாஷோடு பேச்சுவார்த்தை கிடையாது. அந்தக் கார் இரண்டு வருஷம் முன்னாலேயே விற்றாகிவிட்டது. சண்டையை விற்கவில்லை.

"என்னைய எதுக்குக் கேக்குறீங்க? திருடனைப் பிடிச்சுக் குடுத்ததுக்கு மெடல் குடுக்க வந்தீங்களா?"

"போட்டோவைப் பார்க்க வந்தோம்," என்றார் நர்கீஸ். "தெரு குரூப்புக்கு அவங்க தினமும் அனுப்புறாங்களாமே."

அழகர் சட்டைப் பையிலிருந்து போனையும், கூடவே ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்தார். எதிரி அனுப்பிய படங்களை அவர் எத்தனை அக்கறையோடு பார்த்திருந்தார் என்பது அதில் தெரிந்தது. பதினோரு படங்கள். கல்லை மேலே மேலே அடுக்கி, சிமெண்டே இல்லாமல் எழுப்பிய வேலிச்சுவர்கள். கூரை வேய்ந்த வெள்ளை வீடு. கொடி படர்ந்த இடிந்த கோபுரம். மேய்ச்சல் நிலம், அதற்கு அப்பால் மேய்ச்சல் நிலம், அதற்கும் அப்பால் கடல். எல்லாவற்றின் முன்னாலும் கோட்டுப் போட்ட சிவபிரகாஷ், சிவப்பு ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயும் போட்ட புவனேஸ்வரி.

பழனிக்குமார் கையைத் தட்டினான். "சிக்குச்சுங்க! இந்த பஸ்ஸைப் பாருங்க, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கு. வெளிநாடுன்னா இடப்பக்கமல்லங்க இருக்கோணும்? இவங்க கொடைக்கானல் மேல்மலையில, மன்னவனூர்ப் பக்கம் ரூம் போட்டு உக்காந்துட்டு நம்ம காதுல பூச்சுத்தறாங்க!"

"போன்ல தேடிப் பாரு."

தேடினான். அயர்லாந்திலும் வண்டிகள் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் ஓடுகின்றன, ஸ்டீயரிங் வலப்பக்கம்தான்.

"சரிங்க, இதைப் பாருங்க. ஆட்டு முதுகுல நீலப் பெயிண்ட். இது நம்ம சந்தைல அடிக்கற அடையாளமுங்க!"

தேடினான். அங்கேயும் யார் ஆடு என்று தெரிய முதுகில் சாயம் பூசுகிறார்கள்.

"இது தப்பிக்காதுங்க. ராத்திரி ஒன்பதரைன்னு எழுதியிருக்குது, பகலாட்டம் வெளிச்சமா இருக்குது பாருங்க!"

தேடினான். ஜூன் மாதம் அங்கே சூரியன் மறையப் பத்து மணியாகிறது.

பழனிக்குமாருக்கு அந்த நாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. "போட்டோ நெசமாவே அயர்லாந்துதானுங்க. ஆளுக அங்கதான் இருக்காங்க. சங்கிலி மாட்டிக்கிட்டான்."

பின்னால் நின்ற கண்ணம்மாள் அவனைப் பார்த்த பார்வையில், அவன் இரண்டடி தள்ளி நின்றான்.

நர்கீஸ் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "போட்டோ அயர்லாந்துதான். அழகர் சார், வீட்டுக்குள்ள திருடன் நடமாடினான்னு சொன்னீங்களே, வேற என்ன பார்த்தீங்க?"

"என்ன பார்க்கலை? ஃபேன் சத்தம், தாளிக்கிற வாசம். அம்புட்டு தெனாவெட்டு! ஞாயித்துக்கிழமை எட்டு நாள் கழிச்சுத் தெருவுக்குத் தண்ணி வந்துச்சு. ஊரே குடத்தைத் தூக்கிட்டு ஓடுது. இந்தப் பய என்ன பண்ணான் தெரியுமா? உள்ள மோட்டாரைப் போட்டு, மாடித் தொட்டியை நெரப்பிட்டான்! தொட்டி வழிஞ்சு எங்க வாசல் வரைக்கும் தண்ணி. ஓசித் தண்ணியா, ஓசிக் கரண்டா?"

நர்கீஸ் கிராம்பைக் கடித்தார். பழனிக்குமாருக்கு அந்தச் சத்தம் தெரியும். கேஸ் முடிந்த சத்தம்.

"கண்ணம்மா, ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

"நெலக்கோட்டைல. எங்கண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. விடியக் கெளம்பிப் பொழுது சாயத்தான் வந்தோம். நூறு பேரு பார்த்தாங்க."

"அப்ப உள்ள ரெண்டாவது திருடன் இருக்கான்," என்றார் அழகர் உற்சாகமாக.

"இருக்கான். ரொம்பப் பொறுப்பான திருடன்." நர்கீஸ் மணி பார்த்தார். நாலு இருபது. "பழனி, அந்த வீட்டுக்குப் பின்னால காலிமனை இருக்கு. தேங்காய் பறிக்கிறவங்க ஏணி கிடக்கு. ஏறிச் சுவர் மேல தலையை மட்டும் நீட்டு."

"சுவர் மேல கண்ணாடித் துண்டு பதிச்சிருக்குதுங்க."

"அதனாலதான் தலையை மட்டும்."

"உள்ள என்னங்க பார்க்கோணும்?"

"அயர்லாந்து." நர்கீஸ் கண்ணம்மாளின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கோபமா இருக்குல்ல? சத்தமாக் கத்தணும் போல இருக்குல்ல?"

"காலைல இருந்து இருக்கு."

"நான் சொல்ற ஒரே ஒரு வார்த்தையைக் கத்து."

*

ஏணி இரண்டு படி குறைவாக இருந்தது. மீதி உயரத்துக்குப் பழனிக்குமார் கால் பெருவிரலை நம்பினான். சுவருக்கு அந்தப் பக்கம் வெறிச்சோடிய கொல்லை. ஒரு துவைக்கிற கல், ஒரு பப்பாளி மரம், தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு தண்ணீர்க் குழாய். பின்கதவு சாத்தியிருந்தது. மூன்று பக்கமும் ஆள் ஏற முடியாத சுவர்.

அப்போது தெருவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"தண்ணி வந்திருச்சேய்! ஏ ஆத்தா, தண்ணி வந்திருச்சு! ஓடியாங்க!"

கண்ணம்மாளுக்குக் குரல்வளை ஆண்டவன் அளந்து வைத்தது அல்ல, கவனிக்காமல் கொட்டியது. கொடைரோட்டில் நின்ற ரயில் அதைச் சிக்னல் என்று நினைத்துக் கிளம்பியதாகச் சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். ஆனால் ஒரு தெரு முழுக்கக் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. சோற்றுக் கையோடு ஒருத்தி, பாதி பின்னிய சடையோடு ஒருத்தி, உருளும் குடங்கள், இடிபடும் குடங்கள். எட்டு நாளைக்கு ஒரு முறை வருவது ஆறாம் நாளே வந்துவிட்டது என்றால் யார் யோசிப்பார்கள்?

பூட்டிய வீட்டுக்குள் சத்தம் இல்லை. பழனிக்குமார் மூன்று வரை எண்ணினான்.

நான்கில் பின்கதவின் தாழ்ப்பாள் விலகியது.

முதலில் ஒரு மஞ்சள் குடம் வந்தது. பிறகு ஒரு நீலக் குடம். இரண்டுக்கும் நடுவில், சிவப்பு ஸ்வெட்டரும் காது வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாயுமாகப் புவனேஸ்வரி ஓடி வந்தார். முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. குழாயைத் திருகினார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது.

"ஏங்க! காத்துதாங்க வருது! மோட்டாரைப் போடுங்க!"

கோட்டும் கைலியுமாகச் சிவபிரகாஷ் ரப்பர் ட்யூபை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பழனிக்குமார் தொண்டையைச் செருமினான். "ஏனுங்கக்கா, அயர்லாந்துல எத்தனை நாளைக்கு ஒருக்காங்க தண்ணி விடறாங்க?"

நீலக் குடம் கீழே விழுந்து, துவைக்கிற கல் வரை உருண்டு போனது.

*

வாசலில் நாற்பது பெண்கள் காலிக் குடங்களோடு கண்ணம்மாளைச் சூழ்ந்து நின்றார்கள். பொய் சொன்னவளை என்ன செய்வது என்பதில் மட்டும்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. அந்த நேரம் பார்த்து, பூட்டிய வீட்டின் முன்ஜன்னல் திறந்து கம்பிக்குப் பின்னால் சிவபிரகாஷின் முகம் தெரிந்தது. நாற்பது பேரும் திரும்பினார்கள்.

"என்னமோ திருட்டுப் போச்சாமே," என்றார் நர்கீஸ் ஜன்னலைப் பார்த்து. "வீட்டுல களவுன்னு கேட்டவன் எவனாவது திறந்து பார்க்காதேன்னு அலறுவானா? திருடன் எவனாவது தொட்டி நிரப்புவானா? அப்புறம் அந்தப் பதினோரு போட்டோ. எல்லாத்துலயும் மழை. ஆடு நனைஞ்சிருக்கு, சுவர் நனைஞ்சிருக்கு. உங்க கோட்டுல மட்டும் இஸ்திரி மடிப்பு கலையலை."

உண்மை துண்டு துண்டாக வந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் பேனர் கட்டி, மாலை போட்டு, வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. கொடைரோடு ஸ்டேஷன் வரைக்கும் போய், வழியனுப்ப வந்தவர்கள் திரும்பியதும், நிலக்கோட்டைப் பூ வேனில் காலிக் கூடைகளுக்கு அடியில் படுத்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். புவனேஸ்வரியின் தோழி மகள் ஜெரின் அயர்லாந்தில் நர்ஸ். அவள் எடுத்த படங்களில், தினமும் கோட்டும் ஸ்வெட்டருமாக வீட்டுச் சுவர் முன்னால் நின்று எடுத்த இவர்கள் உருவத்தை அவளே சேர்த்து அனுப்பினாள். வெளியிலிருந்து பூட்டிவிட்டு, காய்கறி கொண்டு வந்து, குப்பையைப் பையில் எடுத்துப் போக ஒரு ஆள் வேண்டும். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவன் சங்கிலி.

கண்ணம்மாள் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற சிவப்பு ஸ்வெட்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பீன்ஸு உனக்குத்தானா?"

புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார்.

"பாவி மனுசன், எங்கிட்டக்கூடச் சொல்லலையே." அவள் குரல் அந்த ஒரு வரிக்கு மட்டும் இறங்கியது. அடுத்த வரியில் ஏறிவிட்டது. "அவன் ஒங்க மானத்தைக் காப்பாத்தத் தரையில உக்காந்திருக்கான். உம்புருசன் என்னடான்னா, போன்ல அவனைத் திருடன்னு சொல்லுறாரு!"

"கத்தாதம்மா! கதவைத் திறக்கச் சொல்லு, பேசிக்குவோம்," என்றார் சிவபிரகாஷ்.

"சாவி ஸ்டேஷன்ல இருக்கு," என்றார் நர்கீஸ். "திருட்டுச் சொத்து. நீங்கதான் புகார் குடுத்திருக்கீங்க. இப்ப மணி நாலு நாப்பத்தஞ்சு."

சிவபிரகாஷ் தெருவைப் பார்த்தார். முப்பத்தாறு வாழ்த்துவோரில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். அழகர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் போனை எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் சார்... சிவபிரகாஷ். இல்லைங்க, அயர்லாந்து இல்லை. வீட்டுல இருந்து. என் வீட்டுலதான். சாவி... நான்தான் குடுத்தேன். அவன் ஒண்ணும் எடுக்கலை. அவனை விட்டுருங்க. சார், அவன் வந்தாத்தான் எங்களால வெளிய வர முடியும்."

இருபது நிமிஷத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினார். சங்கிலி பின்னால் இறங்கினான், கையில் சிவப்புக் கயிற்றுச் சாவி. தெரு வழிவிட்டது. அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் நேராகப் படியேறி, பூட்டில் சாவியை வைக்கப் போனான்.

கண்ணம்மாள் சாவியைப் பிடுங்கினாள். சேலை முந்தானையில் வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"ஏ புள்ள, என்ன பண்ற?"

"வா, வீட்டுக்குப் போவோம். காலைல இருந்து நீ ஒண்ணும் திங்கலை."

"சங்கிலி! அப்பு! திறந்துட்டுப் போப்பா!" ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாற்பது பெண்கள் காலிக் குடத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் டீ எங்கே நன்றாக இருக்கும் என்று பழனிக்குமாரிடம் விசாரித்தார்.

கண்ணம்மாள் தெருமுனை வரை போய், அங்கே நின்று, தலையைத் தூக்கி பேனரை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு ஜன்னலுக்குக் கேட்கும்படி திரும்பிச் சொன்னாள்.

"பதினஞ்சு வரைக்கும்னு போட்டிருக்கு. இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல? நல்லாச் சுத்திப் பார்த்துட்டு வரட்டும்."